போட்ட கை

கஸ்தூரியின் வாயை மூட யாராலும் ஆகாது என்று அந்தத் தெருவே நம்பிக்கொண்டிருந்தது. ஆறு வயதுதான். ஆனால் பால்காரர் ஏன் மீசையை எடுத்துவிட்டார், கோயில் யானைக்குக் காய்ச்சல் வந்தால் எத்தனை மாத்திரை கொடுப்பார்கள், மலைமேல் ஏற்றும் தீபத்துக்கு மழை வந்தால் யார் குடை பிடிப்பார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள், “இது வாயில ஒரு கொழுக்கட்டைய வெச்சு அடைச்சாத்தான் நமக்கு நிம்மதி” என்பாள். அந்தக் கன்னியம்மாளே பின்னால், “ஒரு வார்த்த பேசுடி கண்ணு” என்று கெஞ்சும்படி ஆயிற்று. எண்பத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை கஸ்தூரி பேச்சை நிறுத்திவிட்டாள்.

அன்று என்ன நடந்தது என்று அவள் அம்மா ஜோதியம்மாளைக் கேட்டிருந்தால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மையும்கூட. நடந்ததெல்லாம் பிரெஞ்சில் நடந்தது. அவளுக்கு அந்தப் பாஷை தெரியாது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, ஓர் ஓட்டு வீட்டில் அந்த வகுப்பு நடந்தது. பிள்ளைகள் ஏழே பேர். மூன்று பேர் மலையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட வெள்ளைக்காரர்களின் பிள்ளைகள். மூன்று பேர் புதுச்சேரியிலிருந்து மாற்றலாகி வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ஏழாவது கஸ்தூரி. ஜோதியம்மாள் அங்கே ஆயாவாக இருந்ததால் அவளுக்கு இடம் கிடைத்தது. கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, ஏழு மூக்குகளைத் துடைத்துவிட்டு, தன் மகள் இன்னொரு தேசத்துப் பாட்டைப் பாடுவதை மூலையில் நின்று வாயைப் பிளந்து கேட்பதுதான் அவள் வேலை.

டீச்சரை எல்லோரும் மதாம் என்றார்கள். ராஜம்மாள் என்று பெயர். புதுச்சேரிக்காரர், பச்சைத் தமிழச்சி. கேட்டுக்கு வெளியே நின்றால் கத்தரிக்காய் விலையெல்லாம் தமிழில் விசாரிப்பார். வகுப்பு வாசற்படியைத் தாண்டிவிட்டால் போதும், தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதே அவருக்குத் தெரியாது. பிள்ளைகளிடம் மட்டுமல்ல, ஆயாவிடமும் பிரெஞ்சுதான். காதில் விழுந்து விழுந்துதான் பாஷை வரும் என்பது அவர் கட்சி. ஜோதியம்மாளின் காதில் ஆறு மாதமாக விழுந்துகொண்டுதான் இருந்தது, எதுவும் உள்ளே போகவில்லை. ஜன்னலை மூடச் சொன்னால் வாளியைக் கொண்டுவந்து வைப்பாள். வாளியைக் கேட்டால் பாயை விரிப்பாள். பிள்ளைகள் சிரிப்பார்கள், கஸ்தூரிதான் ஓடிவந்து கையைப் பிடித்துச் சரியான இடத்துக்குக் கூட்டிப் போவாள். முப்பத்தொரு வயதில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது ஜோதியம்மாளுக்கு.

காலையில் முதல் வேலை, இன்றைக்கு என்ன கிழமை, வானம் எப்படி இருக்கிறது என்று சொல்வது. சுவரில் நான்கு படங்கள் இருந்தன. வெயில், மேகம், குடை. நான்காவது படத்தில் வெள்ளைத் துணுக்குகள் பறந்தன. அது பஞ்சுக் கடை என்று ஜோதியம்மாள் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பனி கொட்டாத ஊரில் ஒருநாளும் யாரும் அதைத் தொட்டதில்லை. அவள் மட்டும் தினம் தூசி தட்டினாள்.

அப்புறம் திங்கட்கிழமைதோறும் அட்டைகள். சிவப்பு நாடாவில் கோத்த அட்டை ஒன்றை ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் மதாம் தன் கையால் மாட்டுவார். செடிப் படம் போட்ட அட்டை வந்த பிள்ளை அந்த வாரம் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கதவுப் படம் என்றால் கதவு திறக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்க, மதாமே ஒவ்வொன்றாகக் கழற்றி, பெரிய மனுஷர்களிடம் செய்வதுபோலக் கை குலுக்கி, “மெர்சி” என்பார். அந்த ஒரு வார்த்தை ஜோதியம்மாளுக்கும் தெரியும். நன்றி.

அந்தத் திங்கட்கிழமை கஸ்தூரிக்கு வந்தது, உதட்டில் விரல் வைத்த ஒரு முகம். வகுப்பில் சத்தம் ஜாஸ்தியானால் எழுந்து மற்றவர்களை அடக்குகிற வேலை. வாயாடிக்கு இந்த வேலையைக் கொடுத்தால் வேடிக்கையாக இருக்கும் என்று மதாம் நினைத்தார். பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே மாட்டினார். பிள்ளைகளும் சிரித்தார்கள், புரியாமலே ஜோதியம்மாளும் சிரித்து வைத்தாள். கஸ்தூரி மட்டும் சிரிக்கவில்லை. அட்டையைப் பார்த்தாள், நாடாவைத் தொட்டுப் பார்த்தாள், போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கேள்வியே இல்லை. களைத்துவிட்டாள் போல என்று ஜோதியம்மாள் நினைத்தாள். மறுநாளும் இல்லை. புதன்கிழமை, “இன்னாடி, வாயில கொழுக்கட்டையா?” என்று அம்மா கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாள். வெள்ளிக்கிழமை மதியம் மதாமின் அண்ணன் இறந்துபோனார் என்று தந்தி வந்தது. மதாம் அழுதுகொண்டே புதுச்சேரி பஸ்ஸுக்கு ஓடினார். ஓடும்போதும் வாசற்படிக்கு உள்ளே நின்றதால் பிரெஞ்சில்தான் சொன்னார். பிள்ளைகளின் கழுத்தையும் பிஸ்கட் டப்பாவையும் மாறி மாறிக் காட்டினார். இந்த ஒரு உத்தரவை ஜோதியம்மாள் சரியாகப் புரிந்துகொண்டாள். ஏழு அட்டைகளையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடினாள். கஸ்தூரி நாடாவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினாள். “குடுடி, நேரமாவுது” என்று ஜோதியம்மாள் வெடுக்கென்று இழுத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு தீபத் திருவிழா. வகுப்புக்கு லீவு. ஊரே கூட்டத்தில் மிதந்தது. பத்தாம் நாள் மலைமேல் தீபம் தெரிந்ததும் தெருவே அரோகரா என்றது. அப்பா தோளில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். வாய் திறக்கவில்லை.

அவள் அப்பா ஆதிமூலம் அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். சைக்கிள் கடை பலராமன்தான் அவர்கள் தெருவுக்குக் குருசாமி. கார்த்திகை முதல் தேதி மாலையைப் போட்டுவிட்டு எல்லோரும் கேட்கச் சொன்னார்: “போட்ட கைதான் கழட்டணும். நடுவுல வேற கை பட்டுக் கழண்டா விரதம் முடிஞ்சதா கணக்கு கெடையாது, சொல்லிட்டேன்.” அன்று மாலை போட்டவர்களை எல்லாம் விட அதை உன்னிப்பாகக் கேட்டது, முன்வரிசையில் சம்மணம் போட்டிருந்த கஸ்தூரி.

மகள் ஊமையானது தன் விரதத்தில் ஏதோ குறை என்று ஆதிமூலம் நினைத்தான். கன்னியம்மாள் வேறு காரணம் சொன்னாள். “ரெண்டு பாஷையும் ஒரே சமயத்துல வரப் பாத்து தொண்டைல சிக்கிக்கினு கீது.” ஜோதியம்மாளுக்கு அது சரி என்றே பட்டது. ஏனென்றால் கஸ்தூரி அடிக்கடி கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். வாயைத் திற என்றால் கழுத்தைத் தொடுவாள். என்னதான் செய்யுது என்றால் கழுத்தைச் சுற்றி விரலால் ஒரு கோடு இழுப்பாள். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாததற்கா பிள்ளை கழுத்தைக் காட்டும்? ஜோதியம்மாள் ஆடாதொடை இலையைப் பறித்துவந்து கசாயம் வைத்தாள். தினம் காலையில் ஒரு டம்ளர், வெறும் வயிற்றில். கஸ்தூரி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, முழுசாகக் குடித்தாள். குடித்துவிட்டு மறுபடி கழுத்தைத் தொட்டாள். ஜோதியம்மாள் மறுநாள் கசாயத்தை இன்னும் கெட்டியாக வைத்தாள்.

மார்கழி பிறந்த வாரம் மதாம் திரும்பி வந்தார். வகுப்பில் கஸ்தூரி பிடித்து வைத்த பிள்ளையாராக உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் செய்தாள். படத்தைக் காட்டு என்றால் சரியான படத்தைக் காட்டினாள், பென்சிலை எடு என்றால் எடுத்தாள். புது அட்டை மாட்ட வந்தால் மட்டும் இரண்டு கையையும் மார்பில் வைத்துக்கொண்டு பின்னால் போய்விடுவாள். படம் வரையச் சொன்னால், உதட்டில் விரல் வைத்த முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தாள். நன்றாக வரைந்திருக்கிறாள் என்று மதாம் சுவரில் ஒட்டினார்.

கேட்டுக்கு வெளியே ஜோதியம்மாளிடம் தமிழில் சொன்னார். “பயப்படாத ஜோதி. புதுப் பாஷை கத்துக்கிற புள்ளைங்க சில சமயம் இப்படித்தான் அடங்கிப்போகும். உள்ளுக்குள்ள எல்லாம் சேத்து வெச்சுக்கிட்டு இருக்கும், ஒரு நாள் மொத்தமா கொட்டும். வீட்ல பேசறாதானே?”

வீட்டிலும் பேசவில்லை என்றால், பிள்ளைக்கு ஏதோ சீக்கு என்று சொல்லி வகுப்பைவிட்டு எடுத்துவிடுவார்களோ என்று ஜோதியம்மாளுக்குப் பயம். “பேசறா மதாம். வாய் ஓயறதில்ல” என்றாள்.

ஆதிமூலம் இருமுடி கட்டிக்கொண்டு புறப்படும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டுப் போனான். “நான் மலைக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள அது வாயத் தொறக்கலன்னா, கீழ்பென்னாத்தூர் அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுடுவேன். இந்த வெள்ளக்கார பாஷையெல்லாம் இல்லாம நம்ம பேச்சு மட்டும் காதுல வுழுந்தா தானா சரியாவும்.”

“என்னை வுட்டுட்டு அது எப்பிடிங்க இருக்கும்?”

“ஊமையா இருக்கறதுக்கு, அழுதுக்கினாவது இருக்கட்டும்.”

அவன் சொன்னால் செய்கிறவன். பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலை மகளுக்கு ஊட்டிக்கொண்டே ஜோதியம்மாள் அழுதாள். அம்மா என்று ஒரு சொல் வந்தால் போதும், அவன் திரும்புவதற்குள்ளாவது வராதா என்று அவள் வாயையே பார்த்தாள். கஸ்தூரி முந்தானையால் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ஆதிமூலம் மலையிலிருந்து வந்து சேர்ந்தான். மகளைப் பார்த்தான், ஜோதியம்மாளைப் பார்த்தான். பரண்மேல் இருந்த தகரப் பெட்டியை இறக்கி வைத்தான். திங்கட்கிழமை பத்து மணி பஸ்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாலை கழற்ற வேண்டும். பலராமன் வருவதாகச் சொன்ன நேரம் தாண்டிவிட்டது. ஆதிமூலத்துக்குப் பொறுமை போயிற்று. இரண்டு மாதமாகக் கழுத்தில் உறுத்திய மணிகள். “எல்லாம் ஒண்ணுதான். சாமிய நெனச்சிக்கினு நீயே கழட்டு” என்று ஜோதியம்மாளிடம் கழுத்தை நீட்டினான். அவளும் கையைக் கொண்டுபோனாள்.

மூலையில் இருந்த கஸ்தூரி பாய்ந்து வந்தாள். அம்மாவின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். வேண்டாம் வேண்டாம் என்று தலை ஆடியது. தெருப்பக்கம், பலராமன் வரும் திசையைக் காட்டினாள். ஆதிமூலத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. “குருசாமிதான் கழட்டணுமாம். என்ன விட இதுக்குப் பக்தி ஜாஸ்தி.”

ஜோதியம்மாள் சிரிக்கவில்லை. மகள் இப்போது தன் கழுத்தைத் தொட்டாள். கழுத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்தாள். உதட்டில் விரலை வைத்தாள். பிறகு, தான் பிடித்திருந்த அம்மாவின் கையையே குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் கண்ணெதிரே நடந்த அதே சைகைதான். இப்போதுதான் அதில் தன் கையும் இருப்பதை ஜோதியம்மாள் பார்த்தாள்.

“அட்டையா? பள்ளிக்கூடத்து அட்டையாடி?”

ஆமாம் என்று கஸ்தூரி தலையை ஆட்டினாள்.

“மதாம் கழட்டியிருக்கணுமா?”

மறுபடி ஆட்டினாள். கண் நிறைந்துவிட்டது.

“நான் கழட்டினதாலயா?”

அதற்கு மட்டும் கஸ்தூரி தலையை ஆட்டவில்லை. கீழே பார்த்துக்கொண்டாள்.

ஜோதியம்மாளுக்கு அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஐப்பசியில் ஒரு நாள். வகுப்பு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரர் போனார், கழுத்தில் சிலேட்டு தொங்க. மௌன விரதம் இருக்கிறவர்கள் அந்த ரோட்டில் புதிதல்ல, யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்கக் கழுத்தில் எழுதி மாட்டிக்கொண்டு போவார்கள். அவர் ஏன் பேச மாட்டேங்கிறார் என்று கஸ்தூரி கேட்டாள். கழுத்தில் மாட்டிக்கொண்டால் பேசக் கூடாது, விரதம் என்று இவள் சொன்னாள். பேசினால் என்ன ஆகும்? அடிப்பிடித்த பால் சட்டியோடு மல்லாடிக்கொண்டிருந்த எரிச்சலில், “பேசினா வூட்டுக்கு ஆவாது. யாருக்குனா எதுனா ஆயிடும். போடி அந்தாண்ட” என்றாள். சொல்லிவிட்டு மறந்தும் போனாள். சொன்னவள் மறந்ததைக் கேட்டவள் எட்டு வாரமாகச் சுமந்துகொண்டிருக்கிறாள்.

பலராமன் வந்து மாலையைக் கழற்றினார். ஜோதியம்மாள் புருஷனிடம் ஒன்றுதான் கேட்டாள். “நாளைக்குக் காலைல ஒம்போதரை வரைக்கும் டயம் குடுங்க. அதுக்கு மேல நீங்க சொல்ற மாதிரியே ஆவட்டும்.” பெட்டி இறங்கிய இடத்திலேயே இருந்தது.

திங்கட்கிழமை, மதாம் ரிக்‌ஷாவிலிருந்து இறங்குவதற்குள் ஜோதியம்மாள் கேட்டருகே போய் நின்றாள். கொட்டிவிட்டாள் எல்லாவற்றையும். சிலேட்டு, மாலை, டப்பா, தன் கை, தன் பொய்.

“எட்டு வாரமா? வீட்லயுமா?” என்றார் மதாம். “எங்கிட்ட பேசறான்னு சொன்னியே ஜோதி.”

“சீட்டு போயிடும்னு பயந்துட்டங்க.”

மதாம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “அவ வரைஞ்ச படத்தையெல்லாம் நான் சுவத்துல ஒட்டிட்டு இருந்தேன்” என்றார். பிறகு, “அதக் கழட்டும்போது என்ன சொல்லணும்?” என்று கேட்டார்.

“தெரியலீங்களே. குருசாமி சரணம் சொல்வாரு. உங்க விரதத்துக்கு இன்னா சொல்றதுன்னு எனக்கு இன்னா தெரியும்?”

உள்ளே பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். மதாம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்த அட்டையைத் தேடி எடுத்தார். கஸ்தூரியின் எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, மாட்டினார். கஸ்தூரி கண்ணை மூடிக் கைகூப்பினாள். மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் யாரும் சத்தம் போடவில்லை. மதாம் இரண்டு கையாலும் நாடாவைத் தூக்கி, பின்னல் சிக்காமல் மெல்லக் கழற்றினார். கையை நீட்டினார். கஸ்தூரி அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“மெர்சி, கஸ்தூரி.”

ஜோதியம்மாள் துடைப்பத்தை இறுக்கிக்கொண்டு நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பத்து மணி பஸ்ஸாக இருக்கக் கூடாதே என்று அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மதாம் எழுந்து, தினமும் போல, சுவரில் இருந்த நான்கு படங்களைக் காட்டி என்னவோ கேட்டார்.

கஸ்தூரி ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். மேகப் படத்தைத் தொட்டாள். வாயைத் திறந்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது, இருமினாள், அப்புறம் வந்தது பேச்சு. பிரெஞ்சில். ஒரு வாக்கியம் இல்லை, இரண்டு இல்லை, மடை திறந்துகொண்டது. செடியைக் காட்டினாள், பக்கத்துப் பையன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருப்பதைக் காட்டினாள், பஞ்சுக் கடைப் படத்தைக் காட்டி என்னவோ கேட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மதாம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னார்.

குரல் தன் மகளுடையதுதான். ஆனால் ஒரு சொல்கூட ஜோதியம்மாளுக்கு விளங்கவில்லை. பேச்சு வந்த சந்தோஷத்தில் அழுவதா, வந்த பேச்சு தனக்கில்லையே என்று அழுவதா? நம் பேச்சு போயேபோய்விட்டதா? மதாமைப் பார்த்து, “இன்னா சொல்றா? இன்னாங்க சொல்றா?” என்றாள். வாசற்படிக்கு உள்ளே தமிழில் அவள் சத்தமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். ஜன்னலுக்கும் வாளிக்கும் கூட்டிப் போவதுபோலவே இழுத்துக்கொண்டு போனாள், வாசற்படியைத் தாண்டி, செருப்புகள் கிடந்த இடம்வரை. தமிழ் பேசலாம் என்கிற இடம் வந்ததும் நின்றாள்.

“எம்மா. நான் ஒரு வார்த்த கூட பேசல. தீபத்தன்னிக்குக் கூட அரோகரா மனசுலதான் சொன்னேன்.”

“ஆமாடி. ஆமாடி என் தங்கமே.”

“அப்பா மலைலேர்ந்து பத்தரமா வந்துட்டாரு இல்ல? இனிமே ஒண்ணும் ஆவாதில்ல?”

பால் சட்டியோடு மல்லாடிய எரிச்சலில் ஜோதியம்மாள் சொன்ன சொல்தான் மகள் வாயில் திரும்பி வந்தது. அவள் அப்படியே படியில் உட்கார்ந்து மகளைக் கட்டிக்கொண்டு, ஆகாது என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கஸ்தூரி அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்த்தினாள். ஏதோ ரொம்ப நாளாகச் சொல்லக் காத்திருந்ததைப்போல, மெதுவாகச் சொன்னாள்.

“எனக்குத் தொண்ட வலிக்கவே இல்லம்மா. அந்தக் கசாயம் ரொம்பக் கசப்பு.”